படம் பிடிக்கவில்லை, டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கலாமா? வாசகர் கேள்வி-பதில்

தியேட்டர் கவுன்ட்டருக்கு உள்பக்கம் பல வருடம் உட்கார்ந்துவிட்டு, இப்போது நுகர்வோர் புகார்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் டிக்கெட் பணத்தைப் பற்றியவை.

கேள்வி: மூன்று மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். படம் படு மோசம். சட்டை சரியில்லை என்றால் கடையில் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள். சினிமாவுக்கு மட்டும் ஏன் கூடாது?

சட்டையைத் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் அதை இன்னொருவருக்கு விற்கலாம். முடிந்துபோன காட்சியின் இருக்கையை யாருக்கும் விற்க முடியாது. அதோடு, சட்டையில் கிழிசல் என்றால் யார் பார்த்தாலும் கிழிசல்தான். படம் அப்படியில்லை. நீங்கள் நொந்துபோய் வெளியே வந்த அதே காட்சியில் பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்திருப்பார்.

ஆனால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பிலிப் நெல்சன் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் பொருட்களை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: வாங்கும் முன்பே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை, அனுபவித்த பிறகே தரம் தெரிபவை. சினிமா இரண்டாவது வகை. காசை முதலிலேயே வாங்கிக்கொண்டு, பிடிக்குமோ பிடிக்காதோ என்ற சந்தேகத்தை முழுக்க உங்கள் தலையில் கட்டிவிடுகிறார்கள். இருந்தாலும், கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பணம் கேட்பதை என்னால் ஆதரிக்க முடியவில்லை.

கேள்வி: நான் பத்தே நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டேன். "அப்படி எல்லாம் ரூல்ஸ் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். இது சரியா?

சரியில்லை. பிடித்ததா என்று விசாரிப்பதைவிட, எப்போது எழுந்தீர்கள் என்று பார்ப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து. ரசனையை அளக்க யாராலும் முடியாது. நேரத்தை அளக்க ஒரு கடிகாரம் போதும்.

இது நடக்காத காரியமும் இல்லை. 2012இல் 'தி ஆர்ட்டிஸ்ட்' வசனமில்லாத படம் என்று தெரியாமல் வந்த சிலர், இங்கிலாந்தின் லிவர்பூலில் ஓடியன் தியேட்டரில் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். படம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் சொன்னால் தருவோம் என்பது அந்த நிறுவனத்தின் நடைமுறை, அதன்படி கொடுத்தார்கள். 2024 டிசம்பரில் பிவிஆர் ஐநாக்ஸ் டெல்லியிலும் குருகிராமிலும் வேறொரு வழியை முயன்றது. டிக்கெட்டுக்குப் பத்து சதவீதம் கூடுதலாகக் கட்டிவிட்டால், பாதியில் வெளியேறலாம். படத்தில் முக்கால் பங்குக்கு மேல் மீதி இருந்தால் 60 சதவீதம், பாதிக்கு மேல் இருந்தால் 50, கால் பங்குக்கு மேல் இருந்தால் 30 சதவீதம் திரும்பி வரும் என்பது அப்போதைய ஏற்பாடு. கணக்கு நேர்மையானதுதான். ஆனால் முதல் பத்து நிமிடத்துக்காவது கூடுதல் கட்டணம் கேட்கக் கூடாது என்பேன்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு மாலைக் காட்சி தொடங்கிச் சில நிமிடம்தான் ஆகியிருக்கும். வயதான அம்மா ஒருவர் பேரனோடு கவுன்ட்டருக்கு வந்தார். குழந்தைகள் படம் என்று நினைத்து அழைத்து வந்திருக்கிறார். முதல் காட்சியிலேயே வெட்டும் ரத்தமும். பையன் பாட்டியின் கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்கிறான். அவர் பணம்கூடக் கேட்கவில்லை. "வேற படத்துக்கு மாத்திக் குடுப்பீங்களாப்பா?" என்றார். ரூல்ஸ் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பக்கத்து அரங்கில் பாதி இருக்கை காலியாகக் கிடந்தது. இன்றுவரை அது மனதை உறுத்துகிறது.

கேள்வி: ட்ரெய்லரில் பார்த்த பாட்டு படத்தில் இல்லவே இல்லை. ஏமாற்று வேலை என்று வழக்குப் போடலாமா?

போட்டிருக்கிறார்கள். 'ஃபேன்' படத்தின் விளம்பரத்தில் வந்த பாட்டு படத்தில் இல்லை என்று ஒருவர் நுகர்வோர் மன்றம் போய், பத்தாயிரம் ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவும் வாங்கினார். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ட்ரெய்லரில் ஒன்று வந்துவிட்டதாலேயே அது படத்திலும் இருக்கும் என்று வாக்குறுதி கொடுத்ததாக ஆகாது என்பது தீர்ப்பு. அமெரிக்காவில் 'யெஸ்டர்டே' ட்ரெய்லரில் இருந்த நடிகை படத்தில் இல்லை என்று இருவர் வழக்குப் போட்டார்கள். ட்ரெய்லரும் வணிக விளம்பரம்தான், பொய் விளம்பரச் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று 2022இல் நீதிபதி சொன்னது முக்கியமான விஷயம். ஆனால் வழக்கு கடைசியில் சமரசத்தில் முடிந்துவிட்டது. அலைச்சல்தான் மிச்சமாகும்; உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: காசு கொடுத்துவிட்டோமே என்று பிடிக்காத படத்தையும் முழுதாகப் பார்க்கச் சொல்கிறார் என் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உட்கார்ந்தாலும் எழுந்தாலும் அந்தக் காசு போனது போனதுதான் அம்மா. இந்தப் பழக்கம் உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. ஆர்க்கஸ், ப்ளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் நாடகங்களுக்கான சீசன் டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும், சிலருக்குத் தள்ளுபடியிலும் கொடுத்துப் பார்த்தார்கள். 1985இல் முடிவை வெளியிட்டார்கள். சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த காசு ஆளைப் பிடித்து இழுக்கிறது. தியேட்டர்கள் பாதிப் பணமாவது தர முன்வந்தால் இந்தத் தயக்கம் குறையும்.

கேள்வி: வசனம் சரியாகக் கேட்கவில்லை, திரையும் இருட்டாக இருந்தது. படம் முடிந்து சொன்னால் "இப்ப சொன்னா என்ன சார் பண்றது?" என்கிறார்கள்.

இதில் பணம் கேட்பது உங்கள் உரிமை, தயங்கவே வேண்டாம். படம் நன்றாக இருக்கும் என்று தியேட்டர் உங்களுக்குச் சொல்லவில்லை. ஒளியும் ஒலியும் ஒழுங்காக இருக்க வேண்டியது அதன் பொறுப்பு. இசை நன்றாகக் கேட்டு, வசனம் மட்டும் தூரத்தில் ஒலித்தால், திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரைச் சந்தேகப்படுங்கள்; வசனம் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வரும். சாதாரணப் படம் இருட்டாகத் தெரிந்தால், முந்தைய காட்சிக்கு மாட்டிய 3டி லென்ஸை ப்ரொஜெக்டரிலிருந்து எடுக்க மறந்திருக்கலாம்.

முடியும்வரை காத்திருந்ததுதான் நீங்கள் செய்த தவறு. அடுத்த முறை அப்போதே எழுந்து போய் மேலாளரைக் கூப்பிடுங்கள். அரங்கத்துக்குள் வந்து அவரே காதால் கேட்கட்டும். சரிசெய்ய முடியாது என்றால், அங்கேயே நின்று பணத்தைக் கேளுங்கள். அதுவரை டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.