கிராம நூலகத்தை வெளிமாநிலத் தொழிலாளர்களிடம் கொண்டு சேர்ப்பது எப்படி?

நடவுக்கும் அரிசி ஆலைக்கும் வந்திருக்கும் வடமாநிலத்தவர் யாரும் உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு வருவதில்லை என்றும், இந்தி நூல்களை வாங்கி வைத்தால் வருவார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மன்னார்குடிப் பக்கத்து நூலகம் ஒன்றின் வாசகர் வட்டத்தில் இருப்பவன் என்ற முறையில், நூல் வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

டெல்டாவில் நாற்றுப் பறித்து நடவு செய்ய வரும் குழுக்களில் மேற்கு வங்கத்தவர் பலர். அவர்கள் படிப்பது வங்காள எழுத்து. ஆலைகளிலும் கட்டட வேலையிலும் இருப்போரிடையே ஒடியா, போஜ்புரி, சந்தாலி பேசுவோரும் உண்டு. எல்லோரையும் இந்திக்காரர் என்று எண்ணி அலமாரியை நிரப்பினால், அந்நூல்களைத் தொட ஆள் இருக்காது. ஆகவே மேஸ்திரியிடமோ ஆலைக்காரரிடமோ முன்கூட்டிச் சொல்லிவிட்டு, வேலை முடிந்த ஒரு மாலையில் அவர்கள் தங்கியிருக்கும் இடத்துக்கே சென்று, எந்த ஊர், என்ன மொழி, யாருக்குப் படிக்கத் தெரியும், பிள்ளைகள் உடன் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

அந்த விசாரிப்பில் இரண்டு வகை மக்கள் இருப்பது தெரிந்துவிடும். நடவுக் குழுவினர் ஏக்கர் கணக்கில் ஒப்பந்தம் பேசி, குறுவைக்கோ சம்பாவுக்கோ வந்து, ஊர் ஊராக நகர்ந்து திரும்பிவிடுகிறவர்கள். அவர்களை உறுப்பினராக்க முயல்வதில் பொருளில்லை. பழைய இதழ்களையும் சிறு நூல்களையும் ஒரு பெட்டியில் வைத்து, திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்ற மனத்தோடு கொடுத்துவிடுவதே சரி. ஆலையிலும் உணவகத்திலும் ஆண்டுக்கணக்கில் இருந்து, குடும்பத்தையும் அழைத்து வந்துவிட்டவர்களின் நிலை வேறு. உள்ளூர் முகவரிச் சான்று, தெரிந்தவர் ஒருவரின் பொறுப்புக் கையெழுத்து என்று விண்ணப்பம் கேட்கும் இடத்திலேயே அவர்கள் நின்றுவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்தை வாசகர் வட்டத்தவர் போட்டுக் கொடுக்கலாம். காப்புத்தொகையையும் நாமே கட்டலாம். செலவு சிறியது, பலனோ பெரியது.

நூலகம் மக்களிடம் செல்வது இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்ற விதியை உள்ளடக்கிய தம் ஐந்து நூலக விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். அந்த விதியில் வாசகர் எந்த மாநிலத்தவர் என்ற நிபந்தனை இல்லை. தஞ்சை சரசுவதி மகாலிலும் தமிழோடு தெலுங்கும் மராத்தியும் சமஸ்கிருதமும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன.

“நம் வரிப்பணத்தில் அவர்களுக்கு எதற்கு?” என்று ஊரில் ஒருவராவது கேட்பார். நூலக வரி வீட்டு வரியோடு சேர்த்து வசூலிக்கப்படுவது. வாடகைக்குக் குடியிருப்பவர் தரும் பணத்திலும் அதன் பங்கு இருக்கிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போன நம்மவர்களின் வழிவந்தோருக்குச் சிங்கப்பூர் பொது நூலகங்கள் இன்று தமிழ் நூல்களை வாங்கி வைத்திருக்கின்றன என்பதையும் அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் நூலகத்தால் பயன் உண்டு. சொந்த ஊர் ரேஷன் அட்டையைக் கொண்டு இங்கேயே அரிசி வாங்க வழியிருக்கிறது என்பது போன்ற செய்திகளை அவர்கள் மொழியில் எழுதி ஒட்டுங்கள். யாரேனும் ஒருவர் படித்துச் சொல்லிவிடுவார். செய்தித்தாள் பகுதியில் உட்கார உறுப்பினர் அட்டை வேண்டியதில்லை என்பதையும் அதில் சேருங்கள். நம்மவர்களிலேயே பலருக்கு அது தெரியாது.

என் கருத்தில் இந்த முயற்சி நிலைப்பதும் நிலைக்காததும் பிள்ளைகளைப் பொறுத்தது. பெற்றோர் காலையில் வேலைக்குப் போன பிறகு குடியிருப்பிலேயே இருந்துவிடும் பிள்ளைகளுக்கு, ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் கதை வாசித்துக் காட்டுங்கள். ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் வங்காளம், ஒடியா, இந்தி, தமிழ் ஆகிய மொழிகளில் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சிட்டுக்கொள்ளவும் உரிமை உண்டு. ஒரே கதையை இரண்டு மொழியிலும் எடுத்து, ஒரு பக்கத்தை அந்தப் பிள்ளையும் மறு பக்கத்தை நம் ஊர்ப் பிள்ளையும் வாசிக்கும்படி செய்யலாம். பள்ளியில் இன்னும் சேராத பிள்ளை யார் என்பதும் அங்கேதான் தெரியவரும். அப்போது பக்கத்துத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பெற்றோரை நேரில் அழைத்துப் போங்கள்.