இழுத்துப் போட்டுச் செய்தால் போதுமா?

அன்புள்ள அண்ணா,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் ஆறு வருஷமாக வேலை. கஸ்டம்ஸ் கொடுக்கும் அனுமதி அட்டைகளில் உதவியாளருக்கான எச் கார்டு வைத்திருக்கிறேன். துறைமுகம், மணலி யார்டு, ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ் என்று நாள் முழுக்க பைக்கில்தான். யார் லீவு போட்டாலும் அவர் வேலையையும் நானே பார்க்கிறேன். எனக்குப் பின்னால் சேர்ந்த பையன் அதற்கு மேல்படியான ஜி கார்டு பரீட்சை எழுதி ஏசி அறையில் உட்கார்ந்துவிட்டான். முன்கை எடுங்கள் என்கிறார்கள். இதற்கு மேல் என்ன எடுப்பது? லிங்க்டுஇன் தொடங்கலாமா, தபாலில் எம்பிஏ படிக்கலாமா, வேறு கம்பெனி பார்க்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

லிங்க்டுஇன் தொடங்குவதானால் தொடங்குங்கள், பத்து நிமிஷ வேலை. எம்பிஏவை இப்போதைக்கு விடுங்கள். வேறு கம்பெனிக்குப் போனாலும் பைக் சாவியைத்தான் கையில் கொடுப்பார்கள்.

"யார் லீவு போட்டாலும் நானே பார்க்கிறேன்" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. என் சித்தப்பா காலமெல்லாம் சொன்ன வரி அது.

அவர் பெரம்பூர்ப் பக்கம் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பக்கத்து செக்‌ஷனில் போல்ட் இறுகிவிட்டதா, கூப்பிடு அவரை. யார் வீட்டிலாவது கல்யாணமா, அந்த வார ஷிஃப்ட் அவருடையது. பதவி உயர்வுக்கான ட்ரேட் டெஸ்ட் தேதி போர்டில் ஒட்டும்போது மட்டும் ஆளைக் காணோம். கைவேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை, ஆனால் டிராயிங் படிக்க வராது. தெரியாதவனாகப் போய் உட்காரப் பயம். கூட வேலை செய்த ஒருவர் மதியச் சோற்றை முடித்த கையோடு சார்ஜ்மேனிடம் டிராயிங்கை வாங்கித் தரையில் விரித்துவிடுவார். மேலிருந்து பார்த்தால் எந்தக் கோடு, பக்கவாட்டில் எந்தக் கோடு என்று விரலை வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். சித்தப்பா அவரை ஜால்ரா என்பார். ஜால்ரா பதவியில் மேலே போனார். சித்தப்பா ரிட்டயர் ஆகும்வரை, "எல்லாம் ஆள் பார்த்துக் கொடுக்குறான்" என்று புலம்பினார். தங்கமான மனுஷன். அவர் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. உங்களிடம் சொல்ல எனக்கு வருகிறது.

தெரிந்த வேலையையே இன்னும் நாலு பேருக்காகச் செய்கிறீர்கள், அவ்வளவுதான். ஒருவகையில் அதைச் சோம்பேறித்தனம் என்றே சொல்வேன். கோபம் வந்தால் வரட்டும்.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். எச் கார்டில் ஓடலாம், ஆவணத்தில் கையெழுத்துப் போட ஜி கார்டு வேண்டும். அந்த ஓட்டத்துக்கும் மவுசு குறைந்துகொண்டே வருகிறது. முகம் பாராத மதிப்பீடு, அதாவது அதிகாரி உங்களை நேரில் பார்க்காமல் கம்ப்யூட்டரிலேயே ஆவணத்தைப் பார்த்து வரி மதிப்பிடும் முறை, 2020 ஜூனில் முதலில் தொடங்கியதே சென்னையிலும் பெங்களூருவிலும்தான். அந்த அக்டோபர் முடிவதற்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. உங்கள் பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது இறக்குமதிச் சரக்கின் விவரப் பத்திரத்தை, பார்க்கும் அதிகாரி மும்பையில் இருக்கலாம். ராஜாஜி சாலையில் உங்களுக்கு யாரைத் தெரியும் என்பது அவருக்கு எதற்கு? 'இந்த பிளாஸ்டிக் குருணை புதியதா, மறுசுழற்சியா? கேட்லாக் தரவும்' என்று க்வெரி போடுவார். பதில் எழுத்தில் போக வேண்டும். மழுப்பலாக எழுதினால் திரும்பவும் கேட்பார். அதுவரை கன்டெய்னர் யார்டில் கிடக்கும், டிமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும், இம்போர்ட்டர் முதலாளியைக் காய்ச்சுவார். உங்கள் ஆபீசில் அந்தப் பதிலை யார் எழுதுவது? அந்தப் பையன்தானே?

அவனிடமே போய்க் கேளுங்கள். சின்னவன் என்றால் என்ன, கிரீடம் கழன்றா விழுந்துவிடும்? போன மாதம் வந்த க்வெரிகளை வாங்கி, பதிலை முதலில் நீங்கள் எழுதிப் பாருங்கள், பிறகு அவன் எழுதியதைப் பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் கஸ்டம்ஸ் வரிப் பட்டியலில் 39ஆம் அத்தியாயம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல எல்லோருக்கும் தெரியும். அதற்குள் இந்தச் சரக்கு எந்தத் தலைப்பில் வரும், ஏன் வரும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அப்புறம், பரீட்சைக்கு உங்களை அனுப்பச் சொல்லி முதலாளிக்கு மெயில் போடுங்கள். வாயால் கேட்டால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். இனி எவனாவது லீவு போட்டுவிட்டு உங்களைக் கூப்பிட்டால், "முடியாது, படிக்கணும்" என்று சொல்லிப் பழகுங்கள். கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அப்புறம் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள்.

பரீட்சைத் தேதி தெரிந்ததும் எழுதுங்கள்.