பாதியில் கல்லூரி மாறலாமா? கடலோர மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

மகன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணைந்த ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு முடிக்கப்போகிறான். விடுதிச் செலவு கட்டுபடியாகவில்லை. ராமநாதபுரம் அரசுக் கல்லூரிக்கு மாற்ற, முதலில் டி.சி. வாங்கிவிடச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
— ஒரு தாய், தங்கச்சிமடம்

வாங்காதீங்கம்மா. இங்கே இடம் உறுதியாகும் முன் டி.சி. கைக்கு வந்துவிட்டால், பையன் அந்தக் கல்லூரியிலும் இல்லை, இந்தக் கல்லூரியிலும் இல்லை. முதலில் சேதுபதி அரசு கலைக் கல்லூரி அலுவலகத்தில், அதே பாடத்தில் இரண்டாமாண்டுக் காலியிடம் உண்டா என்று கேளுங்கள். இருந்தால்தான் மற்ற வேலையெல்லாம்.

ராமநாதபுரம் மாவட்டக் கலைக் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பல்கலைக்கழகமே மாறுவதால் தடையில்லாச் சான்றோடு, பழைய பல்கலைக்கழகம் தரும் மைக்ரேஷன் (இடப்பெயர்வு) சான்றிதழும் கேட்பார்கள். படித்த தாள்கள் ஒத்துப்போகின்றனவா என்றும் பார்ப்பார்கள். சிக்கல் பெரும்பாலும் துணைப்பாடத்தில்தான் வரும்: அங்கே இயற்பியல் படித்திருப்பான், இங்கே அந்த இடத்தில் புள்ளியியல் இருக்கும். விடுபட்ட தாளைத் தனியாக எழுத வேண்டியிருக்கும். அதனால் துறைத்தலைவர் முத்திரையோடு பாடத்திட்ட நகலை வாங்கி வையுங்கள். "எத்தனை தாள் கூடுதலாக எழுதணும்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி வந்து மூன்றாமாண்டில் ஐந்தாறு தாள்களோடு தவிப்பவர்கள் உண்டு.

இரண்டாம் பருவம் முடிந்து மூன்றாம் பருவம் தொடங்கும் முன் இதையெல்லாம் முடிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலமும் அப்போதுதான் வரும். உங்கள் வீடு கடலை நம்பியது என்றால் கையில் காசு இருக்காது; ஆனால் அலைய ஆள் கரையில் இருப்பார்.

இடமே இல்லையென்றால், அரசுக் கல்லூரியில் முதலாண்டிலேயே மறுபடி சேரலாம். விடுதிப் பணத்தை வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறீர்கள் என்றால், ஓர் ஆண்டு போவதைப் பெரிய இழப்பாக நான் நினைக்க மாட்டேன்.

பாலிடெக்னிக் முடித்துவிட்டேன். பி.இ. முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டுமா?
— பாம்பன்

வேண்டாம் தம்பி. டிப்ளமா முடித்தவர்களுக்கு நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கை உண்டு, அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கலந்தாய்வு. +2-வில் கணிதம் எடுத்த பி.எஸ்சி. பட்டதாரிகளும் இதே வழியில் வரலாம் என்பது நம் பக்கம் பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் டிப்ளமாக்காரர்களுக்குப் போக மிச்சமுள்ள இடங்கள்தான் அவர்களுக்கு. அந்தப் பட்டதாரிகள் முதலாண்டின் பொறியியல் வரைபடம், பொறியியல் விசையியல் தாள்களையும் சேர்த்து எழுத வேண்டும். ராமேஸ்வரத்துக் கலாமும் திருச்சியில் இயற்பியல் பட்டம் முடித்த பிறகுதான் சென்னை எம்.ஐ.டி.யில் பொறியியல் படிக்கப் போனார்.

பி.பி.ஏ. இரண்டாமாண்டு படிக்கிறேன். அத்தா துபாயில் இருக்கிறார், செலவைப் பார்த்துக்கொள்வார். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மாற முடியுமா?
— கீழக்கரை

முடியும். புது மாணவராக அல்ல, மாற்று மாணவராக விண்ணப்பிக்க வேண்டும்; அந்தப் படிவமே வேறு. அங்கே இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட், அதாவது தேறிய பாடங்களுக்குச் சேரும் புள்ளிகள். உங்களுடையதில் எத்தனை செல்லும் என்பதை அந்தப் பல்கலைக்கழகம்தான் முடிவு செய்யும். மதிப்பெண் குறைவான தாள்கள் அடிபடும். தமிழ்த் தாள் பட்டப்பாடமாகச் சேராமல் விருப்பப்பாடக் கணக்கில் போகலாம். எவ்வளவு எடுத்துப் போனாலும், கடைசிப் பகுதியையாவது தங்களிடமே படிக்க வேண்டும் என்பார்கள்.

மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. ஒவ்வொரு தாளிலும் என்னென்ன பாடம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற விவரமும் வேண்டும். ஊரைவிட்டுப் போன பிறகு இதைக் கல்லூரியில் வாங்குவது பெரும்பாடு. கடைசித் தேதியும் முந்தியே வந்துவிடும்: கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அடுத்த ஆண்டு இலையுதிர் பருவத்துக்கான விண்ணப்பம் நவம்பர் கடைசி வாக்கிலேயே முடிந்துவிடும். அரியர் இருக்கிறதென்று இங்கே படித்ததை மறைத்து முதலாண்டுக்கு விண்ணப்பிக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பின்னால் தெரிந்தால் சேர்க்கையே ரத்தாகும்.

என்னைக் கேட்டால், இன்னும் ஓராண்டுதானே, பட்டத்தை முடித்துவிட்டு முதுநிலைக்குப் போங்கள். மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்கும் பல்கலைக்கழகங்கள் அங்கே உண்டு. அத்தாவின் பணமும் மிச்சம்.

ஏ.பி.சி. என்ற கிரெடிட் வங்கிக் கணக்கில் என் கிரெடிட்டெல்லாம் ஏறியிருக்கிறது. அதைக் காட்டினால் புதுக் கல்லூரி சேர்த்தே ஆக வேண்டும்தானே?
— ஏர்வாடி

இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் கொண்டுவந்த அந்த வங்கி, நீங்கள் ஈட்டியதைப் பத்திரமாக வைத்திருக்கும், அதிகபட்சம் ஏழு ஆண்டு. இடம் தருவது கல்லூரியின் கையில்.

சேர்ந்த சில நாளிலேயே வேறு கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணமும் வராது, சான்றிதழும் தரமாட்டோம் என்கிறார்கள்.
— தேவிபட்டினம்

அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்பது மானியக் குழுவின் விதி. கட்டணத்துக்கும் அதன் 2018 அறிவிப்பில் கணக்கு இருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் 15 நாள் முன்பே விலகினால், சிறு பிடித்தத்தோடு முழுத்தொகை. தேதி கடந்து 15 நாளுக்குள் என்றால் 80 விழுக்காடு, 30 நாளுக்குள் பாதி, அதன் பிறகு ஒன்றுமில்லை. இன்றே விலகல் கடிதம் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள்.