அமெரிக்க மாநாட்டு விசா: மனைவி பிள்ளைகளுக்கும் அழைப்புக் கடிதம் வேண்டுமா?

மாநாட்டு அழைப்புக் கடிதத்தில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது, கூட வரும் மனைவி பிள்ளைகளுக்கும் கடிதம் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கடிதம் உங்கள் ஒருவர் பெயரில் இருந்தால் போதும். ஏற்பாட்டாளர்கள் பதிவு செய்தவருக்குத்தான் கடிதம் தருவார்கள். உங்கள் மனைவி பெயரைச் சேர்க்காததற்கு அதுதான் காரணமாக இருக்கும். அதற்காகக் காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள்.

எல்லாரும் பி1/பி2 விசாவுக்கே, அதாவது தொழில், சுற்றுலாப் பயணிகளுக்கான விசாவுக்கே விண்ணப்பியுங்கள். டிஎஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பப் படிவம் ஆளுக்கு ஒன்று, சின்னப் பிள்ளைக்கும் தனி.

ஒன்றை மட்டும் இப்போதே பாருங்கள். உங்கள் படிவத்தின் விவரங்களை வைத்தே மனைவியின் படிவத்தைத் தொடங்கியிருந்தால், பயணச் செலவை யார் ஏற்கிறார் என்ற இடத்தில் மாநாட்டின் பெயர் இருக்கிறதா? அவர் செலவை நீங்கள் ஏற்றால் அங்கே உங்கள் பெயர்தான் வர வேண்டும். சமர்ப்பித்துவிட்டால் திருத்த முடியாது, புதுப் படிவம்தான். அப்புறம் உறுதிப் பக்கத்தில் ஏஏ என்று தொடங்கும் எண்ணும் மாறிவிடும். நேர்காணல் பதிவிலும் அதை மாற்றுங்கள். கோலாலம்பூர் துன் ரசாக் சாலையில் உள்ள அமெரிக்கத் தூதரக வாசலில் போய் நின்று இதைக் கண்டுபிடிப்பது பெரிய வேதனை.

திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இரண்டின் அசலையும் கொண்டு போங்கள்.

குடும்பமாகப் போனாலும் முடிவு ஒவ்வொருவருக்கும் தனித்தனிதான். விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் எதையும் வாங்காதீர்கள்.