படத் தொகுப்புக்கான திறமூல மென்பொருள்கள்: கேள்வி பதில்

கேள்வி: பல ஆண்டுகளாகக் கூகுளின் பிகாசா மென்பொருளில் படங்களை வகைப்படுத்தித் தொகுத்து வந்தேன். அதற்கு ஈடாகத் திறமூல மென்பொருள்களில் எதைத் தேர்வது?

பதில்: கணினிக்கான பிகாசாவின் ஆதரவைக் கூகுள் 2016 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அதை விட்டு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது டிஜிகாம். 2001இல் தொடங்கி இன்றும் வளர்ந்துவரும் இம்மென்பொருள் லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் இயங்குகிறது. லினக்ஸில் எளிமையான ஒன்று போதும் என்றால் ஷாட்வெல் நன்று. டார்க்டேபிளையும் பலர் இவ்வரிசையில் சேர்க்கிறார்கள். ஆனால் கேமரா பதப்படுத்தாமல் அப்படியே பதியும் ரா கோப்புகளை மெருகேற்றுவதே அதன் முதன்மைப் பணி என்பதால், தொகுப்புக்கு மட்டும் அதை நாடுவது வீண் சுமை என்பது என் கருத்து.

கேள்வி: டிஜிகாமில் நாலாயிரம் படங்களுக்குக் குறிச்சொற்கள் இட்டிருந்தேன். கணினி பழுதாகி எல்லாவற்றையும் மீண்டும் நிறுவியபோது படங்கள் காப்புநகலிலிருந்து திரும்பின. குறிச்சொற்களில் ஒன்றுகூட இல்லை. அவை எங்கே போயின?

பதில்: உங்கள் உழைப்பு முழுவதும், படங்களிலிருந்து தனியாக டிஜிகாம் வைத்திருக்கும் தரவுத்தளத்தில் மட்டும் இருந்திருக்கிறது, அந்தத் தரவுத்தளம் உங்கள் காப்புநகலில் இல்லை. பழைய வன்தட்டைப் படிக்க முடிந்தால், டிஜிகாம்4.டிபி (digikam4.db) என்ற கோப்பைத் தேடுங்கள். அது கிடைத்தால் குறிச்சொற்களும் கிடைக்கும்.

இனி இப்படி நேராதிருக்க, அமைப்புகளில் மேல்தரவு (படத்தைப் பற்றிய தகவல்கள்) பகுதிக்குச் சென்று, குறிச்சொற்கள், தலைப்புரைகள், நட்சத்திர மதிப்பீடுகள் ஆகியவற்றைக் கோப்பில் எழுதும்படி தெரிவு செய்யுங்கள். முதன்முறை திறக்கும்போதே டிஜிகாம் இதைக் கேட்கிறது. அவசரத்தில் பலர் கடந்துவிடுகிறார்கள். பிறகு தெரிவு செய்தாலும், முன்பு இட்ட குறிச்சொற்கள் தாமாகக் கோப்புகளுக்குள் சென்றுவிடா. பராமரிப்புக் கருவியைத் திறந்து, தரவுத்தளத்திலிருந்து படங்களுக்கு என்ற திசையில் ஒருமுறை ஒத்திசைக்க வேண்டும். திசையை மாற்றி ஓட்டினால் கோப்பில் உள்ளது தரவுத்தளத்தின் மேல் எழுதப்பட்டுவிடும் என்பதால், தொடங்குமுன் இருமுறை பாருங்கள். ஷாட்வெல்லிலும் மேல்தரவைக் கோப்பில் எழுதும் தெரிவு உண்டு. எந்த மென்பொருளானாலும், முதல் குறிச்சொல்லை இடுமுன் அது எங்கே சேமிக்கப்படும் என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மூலக் கோப்பிலேயே எழுதினால் படத்தின் தரம் குறையாதா?

பதில்: குறையாது. ஜேபெக் கோப்பில் மேல்தரவுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. அதை மாற்றும்போது படம் மீண்டும் சுருக்கப்படுவதில்லை. கோப்பு மாறிய நாள் மட்டும் புதிதாகும் என்பதால், காப்புநகல் மென்பொருள் அதை மறுபடி படியெடுக்கும். ரா கோப்புகளை மட்டும் தொடாமல் விட்டு, அவற்றின் தகவல்களைப் படத்தின் அருகில் தனியாக இருக்கும் எக்ஸ்எம்பி துணைக்கோப்புகளில் வைப்பதே பாதுகாப்பு. படத்தை வேறு கோப்புறைக்கு நகர்த்தும்போது துணைக்கோப்பும் உடன் செல்ல வேண்டும். டிஜிகாமுக்குள்ளிருந்தே நகர்த்தினால் அந்தக் கவலை இல்லை.

கேள்வி: முகங்களை அடையாளம் காண டிஜிகாம் படங்களை இணையத்துக்கு அனுப்புகிறதா?

பதில்: இல்லை. முகங்களை அறியப் பயிற்றுவிக்கப்பட்ட மாதிரிக் கோப்புகளை ஒருமுறை பதிவிறக்கினால் போதும். பிறகு எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது.

கேள்வி: வீட்டில் இரண்டு கணினிகள், படங்கள் வலையமைப்புச் சேமிப்பகத்தில் உள்ளன. தரவுத்தளத்தையும் அங்கேயே வைக்கலாமா?

பதில்: படங்கள் அங்கே இருக்கட்டும், டிஜிகாம் இயல்பாகப் பயன்படுத்தும் எஸ்க்யூலைட் வகைத் தரவுத்தளத்தை அங்கே வைக்காதீர்கள். வலையமைப்புப் பகிர்வுகளில் கோப்புப் பூட்டு (ஒரே நேரத்தில் இரண்டு கணினிகள் ஒரே கோப்பில் எழுதாதபடி தடுப்பது) எப்போதும் சரியாக வேலை செய்யாததால், அது சிதைந்துபோகக்கூடும். ஒவ்வொரு கணினியிலும் தனித் தரவுத்தளம் இருக்கட்டும். குறிச்சொற்கள் படங்களுக்குள் எழுதப்பட்டிருந்தால், ஒன்றில் இட்டதை மற்றொன்று மேல்தரவை மறுபடி படித்துப் பெற்றுக்கொள்ளும். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே படங்களில் குறிச்சொல் இடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.