எல்லையைச் சொல்லுங்கள், எண்ணைச் சொல்கிறேன்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உலகப் பெருநகரங்களைப் பற்றியவை. 2025 நவம்பரில் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட நகராக்க அறிக்கை முதலிடத்தை இடம் மாற்றிவிட்டது. அதில் பலர் குழம்பியிருக்கிறார்கள். சிலர் குழம்புவதற்கு முன்பே கோபித்துக்கொண்டும் எழுதியிருக்கிறார்கள்.

ஹட்டன் வாசகர்: உலகின் மிகப் பெரிய நகரம் டோக்கியோ என்று மகனுடைய பொது அறிவு நூலில் இருக்கிறது. பத்திரிகையில் ஜகார்த்தா என்று போட்டிருந்தார்கள். எது பொய்?

எதுவும் பொய்யில்லை. நூலும் பத்திரிகையும் ஆண்டையும் எல்லையையும் சொல்லாமல் விட்டதுதான் கோளாறு. 2018ஆம் ஆண்டு அறிக்கையில் டோக்கியோ 3.7 கோடியுடன் முதலிடத்தில் இருந்தது. 2025 அறிக்கையில் ஜகார்த்தா ஏறத்தாழ 4.2 கோடி, டாக்கா 3.7 கோடி, டோக்கியோ 3.3 கோடி. இடைப்பட்ட ஆண்டுகளில் டோக்கியோவிலிருந்து 40 இலட்சம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடவில்லை. அளக்கும் முறைதான் மாறியது.

முன்பு ஒவ்வொரு நாடும் தன் நகரம் எதுவரை என்று சொன்னதை ஐ.நா. பெரும்பாலும் அப்படியே வாங்கிக்கொண்டது. இப்போது எல்லா நாடுகளையும் ஒரு சதுர கிலோமீற்றர் கட்டங்களாக வகுக்கிறார்கள். கட்டத்துக்கு 1,500 பேராவது வாழ வேண்டும். அத்தகைய கட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மொத்தம் 50,000 பேரை எட்டினால் அது நகரம். ஜகார்த்தாவின் நிர்வாக எல்லைக்குள் இருப்பவர்கள் சுமார் 1.1 கோடிப் பேர்தான். அதை மட்டும் எண்ணிய 2018 பட்டியலில் அது முதல் இருபதுக்குள்கூட வரவில்லை. போகோர், டெப்போக், தங்கேராங், பெக்காசி எல்லாம் வீடு விடாமல் ஒட்டிக்கொண்டு கிடப்பதைக் கட்டங்கள் காட்டிக்கொடுத்துவிட்டன. மகனிடம் சொல்லுங்கள்: எண்ணை எழுதினால் பக்கத்தில் ஆண்டையும் எழுத வேண்டும்.

பண்டாரவளை வாசகர்: சீனாவின் சோங்கிங்தான் உலகிலேயே பெரிய நகரம், 3.2 கோடிப் பேர் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். நீங்கள் ஏன் அதைச் சொல்வதே இல்லை?

சோங்கிங் மாநகரத்தின் பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீற்றர். இலங்கை முழுவதும் 65,600. நம் நாட்டைவிடப் பெரிய ஒரு நிலப்பரப்பை, அதன் வயல், மலை, குக்கிராமங்களோடு சேர்த்து நகரம் என்று அழைக்கலாமென்றால், பருத்தித்துறை முதல் தேவேந்திரமுனை வரை நாமும் 2.2 கோடிப் பேர் வாழும் ஒரே நகரம்தான். காணொளி பார்ப்பதைத் தவறென்று சொல்லவில்லை. எல்லை எது என்று ஒரு நொடி கேட்டுவிட்டுப் பாருங்கள்.

நாவலப்பிட்டி வாசகர்: கொழும்பு ஏன் பட்டியலில் இல்லை?

மாநகர சபை எல்லை 37 சதுர கிலோமீற்றர்தான். அதற்குள் ஐந்தரை இலட்சம், ஆறு இலட்சம் பேர். மாவட்டம் முழுவதையும் எடுத்தால் 24 இலட்சம். அண்மைக் குடிசன மதிப்பீட்டில் கம்பஹா மாவட்டம் அதையும் முந்திவிட்டது. பெருநகரம் என்ற வகைக்குள் நுழைய ஒரு கோடி வேண்டும்.

மஸ்கெலியா, உயர்தர மாணவி: இலங்கையில் நகரக் குடித்தொகை 18 சதவீதம் மட்டுமே என்று பாடநூல் சொல்கிறது. எங்கள் ஊரில் வங்கி, வைத்தியசாலை, பஸ் நிலையம் எல்லாம் இருக்கின்றன. எங்கள் ஊர் அந்த 18இல் சேருமா?

சேராது, மகளே. இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வராது.

இலங்கையில் ஓர் ஊர் நகரமா இல்லையா என்பதை அங்கே வாழும் மக்கள்தொகையோ கடைத்தெருவோ தீர்மானிப்பதில்லை. அந்த ஊரை ஆள்வது எந்தச் சபை என்பதே தீர்மானிக்கிறது. மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் வாழ்பவர் நகரவாசி. பிரதேச சபைக்குள் வாழ்பவர் எத்தனை மாடிக் கட்டடத்தில் குடியிருந்தாலும் நகரவாசி அல்லர். முன்பு சிறு பட்டினங்களுக்குப் பட்டின சபைகள் இருந்தன. அங்கிருந்தவர்களையும் நகர மக்களாகவே எண்ணினார்கள். 1987ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டம் வந்தது. பட்டின சபைகள் கலைக்கப்பட்டு ஊர்கள் பிரதேச சபைக்குள் கரைந்தன. விளைவைப் பார்: 1981இல் நகரக் குடித்தொகை 21 சதவீதத்துக்கு மேல், 2012இல் 18. முப்பது ஆண்டுகளில் உலகமெங்கும் நகரங்கள் வீங்கின, நம் நாட்டில் மட்டும் தாளில் சுருங்கின.

நுவரெலியா மாவட்டம் முழுவதற்கும் ஒரு மாநகர சபை, இரண்டு நகர சபைகள்: நுவரெலியா, ஹட்டன்-டிக்கோயா, தலவாக்கலை-லிந்துலை. மஸ்கெலியா, பொகவந்தலாவை, கொட்டகலை, இராகலை எதற்கும் இடமில்லை. சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு உன் ஊர்க் கடைத்தெருவில் நின்று பார். வங்கி இயந்திரத்தின் முன்னால் வளைந்து செல்லும் வரிசை, அடகுக் கடைப் படியில் இறங்கி ஏறும் பெண்கள், சாமிமலை பஸ்ஸின் கூரையில் ஏறும் அரிசி மூட்டை. சுற்றிலுமுள்ள தோட்டங்களுக்கெல்லாம் சந்தையும் மருந்தும் கல்வியும் தரும் இடத்தைப் புவியியலில் நகரம் என்றுதான் சொல்கிறோம். புள்ளிவிபரத்தில் சொல்வதில்லை.

இதில் நம்மவர்களுக்கு இன்னொரு மூன்றாம் வகையும் உண்டு: தோட்டத்துறை. 20 ஏக்கருக்குக் குறையாத நிலமும், அங்கேயே குடியிருக்கும் தொழிலாளர் பத்துப் பேராவதும் இருந்தால் தோட்டம். நாட்டில் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான் இந்தக் கணக்கில் வருகிறார்கள். நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல். லயன் அறைகளில் சுவரோடு சுவராக வாழும் மக்கள் நகரமும் அல்லர், கிராமமும் அல்லர்.

பெயரில் என்ன இருக்கிறது என்று உன் வகுப்பில் யாராவது கேட்டால் இதைச் சொல். நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பழைய பிரதேச சபைகளும் ஒவ்வொன்றும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஆண்டன. கண்டி மாநகர சபைக்குள் இருப்பவர்களோ சுமார் ஒரு இலட்சம். அந்தப் பிரதேச சபைகளும் தோட்டத்துக்குள் ஒரு பாதையைச் செப்பனிடப் பணம் செலவழிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. தோட்டம் தனியார் நிலம் என்பது வாதம். வாக்கு மட்டும் தனியார் வாக்காக இருக்கவில்லை. 2018இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே ஆண்டில் அந்த இரண்டையும் ஆறாகப் பிரித்தார்கள். மஸ்கெலியாவுக்குத் தனிப் பிரதேச சபை கிடைத்தது அப்போதுதான். ஆனால் அதுவும் பிரதேச சபை. ஆகவே நீ இன்னமும் நகரவாசி அல்லள்.

பரீட்சையில் 18 என்றே எழுது. புள்ளி குறைக்காமல் வீட்டுக்கு வா. பிறகு சண்டை போடலாம்.

வட்டவளை வாசகர்: உயரமான மலைகளில் பெரிய நகரம் வளர முடியாது என்பது உண்மைதானே?

இல்லை. மெக்சிகோ நகரம் 2,240 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவைவிட 370 மீற்றர் மேலே. அங்கே இரண்டு கோடிக்கு மேல் மக்கள். பொகோட்டா 2,600, லா பாஸ் 3,600. உயரமல்ல, சமதரையும் தண்ணீரும்தான் கேள்வி. மெக்சிகோ ஓர் ஏரிப் படுகையில் அமர்ந்திருக்கிறது. நிலக்கீழ் நீரை உறிஞ்சி உறிஞ்சி, சில பகுதிகள் ஆண்டுக்கு அரை மீற்றர்வரை அமிழ்கின்றன. கடிதம் எழுதுமுன் ஒரு தேசப்படத்தைப் புரட்டியிருந்தால் முத்திரைக் காசு மிச்சமாகியிருக்கும்.

டயகம வாசகர்: ஜகார்த்தாவில் எத்தனை கோடி இருந்தால் நமக்கென்ன? தோட்டத்தில் வாழும் எங்களுக்கு இந்தப் பட்டியல்களால் என்ன பயன்?

நல்ல கேள்வி, கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கேட்டிருந்தாலும்.

பெருநகரம் தனக்கு வேண்டிய எதையும் தன் எல்லைக்குள் விளைவிப்பதில்லை. தண்ணீர், மின்சாரம், மரக்கறி, கூலியாள் எல்லாம் மேட்டிலிருந்துதான் போகின்றன. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகின்றன. கொழும்பு குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கை அம்பத்தளையில் அந்தக் களனியிலிருந்துதான் எடுக்கிறார்கள். அதே இரண்டு ஓயாக்களைத்தான் காசல்ரீயிலும் மவுசாகலையிலும் மறித்து லக்ஷபான நிலையங்களில் மின்சாரம் எடுத்தார்கள். அதற்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்கடியில் போனது. வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயில் தலைகாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கந்தப்பளையில் மாலையில் லொறியேறும் லீக்ஸும் கரட்டும் விடியுமுன் கொழும்பை ஒட்டிய பேலியகொடைச் சந்தையில் இறங்குகின்றன. பெருநகரத்தின் வயிறு அளவுக்கு மிஞ்சிப் பெருத்தால் முதலில் உணர்வது நீங்கள்தான்.

ஜகார்த்தாவுக்கும் இதே கதை. தெற்கே போகோரைத் தாண்டினால் புஞ்சாக் மலை, அங்கே தேயிலைத் தோட்டங்கள். படம் பார்த்தால் இராகலை என்றே நினைப்பீர்கள். நகரத்தின் நடுவே ஓடும் சிலிவுங் ஆறு அந்த மலையில் பிறக்கிறது. வார இறுதி மாளிகைகளுக்காக மேலே மரத்தை வெட்டியதால் கீழே வெள்ளம் பெருகியது. போதாததற்கு நிலக்கீழ் நீரையும் இறைத்தார்கள். வட ஜகார்த்தாவின் சில இடங்கள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீற்றருக்கு மேல் தாழ்ந்த காலமும் உண்டு. 2019இல், தலைநகரையே போர்னியோத் தீவுக்கு மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. புதிய நகருக்கு நுசந்தாரா என்று பெயர். நாலு கோடிப் பேர் அங்கே குடிபெயர்வார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அமைச்சுகள் போகும், சேரிகள் நிற்கும்.

2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையில் மண் சரிந்தது. அதே நாட்களில் களனிக் கரையோரக் கொழும்புப் புறநகரும் மூழ்கியது. மேடும் பள்ளமும் ஒரே கணக்குதான்.

கினிகத்தேனை வாசகர்: லாகோஸில் எத்தனை பேர் வாழ்கிறார்கள்? ஒரே எண்ணாகச் சொல்லவும்.

ஒரே எண் கிடையாது. நைஜீரியாவின் கடைசிக் குடிசன மதிப்பீடு 2006இல். லாகோஸ் மாநிலத்தில் 90 இலட்சம் என்றது மத்திய அரசு. நாங்களே எண்ணினோம், 1.75 கோடி என்றது மாநில அரசு. தலை எண்ணிக்கைப்படி பணமும் அதிகாரமும் பிரிபடும் நாட்டில் யாருக்கு எந்த எண் வேண்டும் என்று நான் விளக்கத் தேவையில்லை. கின்சாசா இன்னும் மோசம். கொங்கோ கடைசியாக மக்களை எண்ணியது 1984இல். கின்சாசாவுக்கு 1.7 கோடி என்று யாராவது சொன்னால் அது மதிப்பீடு. 1 கோடியே 70 இலட்சத்து 32 ஆயிரத்து 322 என்று கடைசி இலக்கம்வரை சொன்னால் அவரிடம் காசு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பதுளை வாசகர்: முன்னொரு காலத்தில் லண்டன்தான் பெரிய நகரமாமே?

ஆம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பீக்கிங்கை முந்தி, சுமார் நூறு ஆண்டு அந்த இடத்தில் இருந்தது. 1920களில் நியூயோர்க்கிடமும், 1950களில் டோக்கியோவிடமும் இடம் போனது. லண்டன் வளர்ந்ததற்குத் துறைமுகம் பெரிய காரணம். லண்டன் மின்சிங் லேன் தெருவின் ஏலத்தில் விலைபோன தேயிலை எந்த மலையிலிருந்து போனது என்று பதுளைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஏலம் 1998இல் மூடப்பட்டது. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலம் இன்றும் நடக்கிறது.

இராகலை வாசகர்: சென்னையின் குடித்தொகை 46 இலட்சம் என்கிறது ஒரு நூல், 67 இலட்சம் என்கிறது இன்னொன்று. இரண்டுமே 2011ஆம் ஆண்டுக் கணக்கு. ஆண்டைச் சொல்லிவிட்டேன், இனித் திட்டாதீர்கள்.

திட்டவில்லை, பாராட்டுகிறேன். 2011இல் மாநகராட்சி எல்லையை 174 சதுர கிலோமீற்றரிலிருந்து 426 ஆக விரித்தார்கள். முதல் எண் பழைய எல்லைக்கு, இரண்டாவது புதிய எல்லைக்கு. ஒரு குழந்தைகூடப் பிறக்காமல் நகரத்தில் 20 இலட்சம் பேர் கூடிவிட்டார்கள்.

கொட்டகலை வாசகர்: உலகின் முதல் நூறு நகரங்களின் பட்டியலை அடுத்த இதழில் வெளியிடுவீர்களா?

மாட்டேன்.

பொகவந்தலாவை வாசகர்: எதிர்காலத்தில் எது முதலிடம்?

2050ஐ நெருங்கும்போது டாக்கா என்பது ஐ.நா.வின் கணிப்பு. தைத்த ஆடைத் தொழிற்சாலைகள் கிராமத்துப் பெண்களை இழுக்கின்றன. ஆறு கரையை அரித்து, கடல் வயலுக்குள் உப்பேற்றி, மீதிப் பேரைத் துரத்துகிறது. இழுவையும் துரத்தலும் ஒரே ஊரை நோக்கி இருந்தால் அந்த ஊர் வீங்கத்தான் செய்யும். கணிப்பு, கணிப்பு மட்டுமே என்பதை மறக்க வேண்டாம்.

லிந்துலை வாசகர்: புது டெல்லியின் குடித்தொகை மூன்று கோடி என்று எழுதியதற்கு ஆசிரியர் பிழை போட்டுவிட்டார். நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

ஆசிரியர் பக்கம்தான் நியாயம். மூன்று கோடி என்பது டெல்லிப் பெருநகரத்துக்கு. புது டெல்லி நகராட்சி எல்லைக்குள் 2011இல் வாழ்ந்தவர்கள் இரண்டரை இலட்சத்துக்குச் சற்று அதிகம்.