மூடுலில் பாடப்பக்கம்: மதிப்பெண்ணில் தொடங்குங்கள்

கேள்வி: கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வணிகவியல் கற்பிக்கிறேன். இந்தப் பருவத்திலிருந்து எல்லாப் பாடத்துக்கும் மூடுல் என்ற இணையவழிப் பாடத் தளம் கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள், காலியான ஒரு பக்கமும் கொடுத்திருக்கிறார்கள். ஏ, பி என்று இரண்டு பிரிவு மாணவர்கள், பெரும்பாலும் போனில்தான் பார்ப்பார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: கையில் இருக்கும் பிடிஎஃப், பிபிடி எல்லாவற்றையும் முதல் நாளே ஏற்றிவிடத்தான் யாருக்கும் தோன்றும். தயவுசெய்து அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். கோப்பை எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம், ஆனால் மதிப்பெண் கணக்கைப் பருவத்தின் நடுவில் மாற்றினால் மாணவர்கள் ஏற்கெனவே பார்த்த எண்கள் மாறிப்போகும், அப்புறம் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

அதனால் முதலில் மதிப்பெண் கணக்கை அமைக்கும் கிரேடுபுக் செட்டப்பைத் திறங்கள். உங்கள் உள்மதிப்பீட்டில் தேர்வுக்கு 10 மதிப்பெண், இரண்டு தேர்வு, ஒவ்வொன்றும் 50-க்கு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'தேர்வுகள்' என்று ஒரு கேட்டகரி உருவாக்கி, கணக்கிடும் முறையை மீன் ஆஃப் கிரேட்ஸ் (சராசரி) என்று மாற்றி, அதிகபட்ச மதிப்பெண்ணை 10 என்று கொடுங்கள். மூடுல் தானாக வைத்திருக்கும் நேச்சுரல் முறையில் கேட்டகரிக்கு இப்படி 10 என்று கொடுக்க முடியாது, உள்ளே இருப்பதைக் கூட்டி 100 என்று அதுவே போட்டுக்கொள்ளும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 'காலி மதிப்பெண்களை விட்டுவிடு' என்ற அமைப்பு வழக்கமாக இயங்கிக்கொண்டேயிருக்கும். இரண்டு தேர்வில் ஒன்றை மட்டும் எழுதி 45 வாங்கிய மாணவருக்கு அது 10-க்கு 9 என்று காட்டும், இரண்டையும் எழுதி 45-ம் 35-ம் வாங்கியவருக்கு 8 தான் வரும். உழைத்து எழுதியவருக்கு இது அநியாயம். வராதவருக்கு கட்டத்தைக் காலியாக விடாமல் 0 என்று போடுங்கள். மூன்றில் சிறந்த இரண்டு என்றால் குறைந்த ஒன்றைத் தள்ளும் வசதியும் அதே இடத்தில் இருக்கிறது.

சரி, மாணவர் சேர்க்கை. ஏ, பி என இரண்டு குழு உருவாக்கி ஒவ்வொன்றுக்கும் தனி என்ரோல்மென்ட் கீ, அதாவது பாடத்தில் சேரும் கடவுச்சொல், கொடுங்கள். பிறகு மாணவர் தாமே சேரும் செல்ஃப் என்ரோல்மென்ட் அமைப்பில் குழுவின் கீயைப் பயன்படுத்த அனுமதித்து, பொதுவான ஒரு கீயும் போட்டுவையுங்கள், ஆனால் அதை யாருக்கும் சொல்லாதீர்கள். மாணவர் எந்தக் கீயைப் போட்டு வருகிறாரோ அந்தக் குழுவில் தானாகவே சேர்ந்துவிடுவார், பெயர்ப்பட்டியலைப் பிரித்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

வினாடி வினா வைக்கும்போது, மாணவருக்கு எதை எப்போது காட்டுவது என்று முடிவுசெய்யும் ரிவ்யூ ஆப்ஷன்ஸ் பகுதியைப் பார்க்காமல் சேமிக்கவே கூடாது. நாம் மாற்றாவிட்டால் பொதுவாக மாணவர் முடித்த உடனேயே சரியான விடை திரையில் வந்துவிடும். ஏ பிரிவு காலையில் எழுதினால் மதியத்துக்குள் பி பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் விடைகள் இருக்கும். சரியான விடை என்ற டிக்கை 'வினாடி வினா மூடிய பிறகு' என்ற கடைசி நெடுவரிசையில் மட்டும் விட்டுவிட்டு மற்றதில் எடுத்துவிடுங்கள். மூடும் தேதி கொடுத்திருந்தால்தான் இது வேலை செய்யும், தேதியே இல்லாத தேர்வு மூடவே மூடாது.

அசைன்மென்டிலும் இப்படி ஒரு தேதிக் குழப்பம் வரும். டியூ டேட் தாண்டினாலும் சமர்ப்பிக்க முடியும், தாமதம் என்ற குறிப்பு மட்டும் சேரும். கதவைச் சாத்துவது கட்-ஆஃப் டேட். இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று நாள் விடுங்கள், ஊரில் நெட்வொர்க் கிடைக்காத பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள்.

இனி கோப்புகளை ஏற்றலாம். அலகுக்கு ஒரு பகுதி போதும். ஸ்கேன் செய்த கனமான பிடிஎஃப்பைவிட, மூடுலின் பேஜ் வசதியில் நேராகத் தட்டச்சு செய்த குறிப்பு போனில் சட்டென்று திறக்கும். காணொளியை யூடியூபில் அன்லிஸ்டடாக (இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி) வைத்து இணைப்பு மட்டும் கொடுங்கள்.

மாணவர்களைச் சேர்க்கும் முன் அட்மினிடம் ஒரு சோதனை மாணவர் கணக்கு கேட்டு வாங்கி, உங்கள் போனிலேயே நுழைந்து, ஒரு அசைன்மென்டைச் சமர்ப்பித்து, ஒரு வினாடி வினாவை முழுக்க எழுதிப் பாருங்கள். ஸ்விட்ச் ரோல் வைத்து மாணவர் போலப் பார்ப்பது பக்கத்தின் தோற்றத்துக்கு மட்டும்தான் உதவும், உண்மையில் சமர்ப்பித்துப் பார்க்கத் தனிக் கணக்கு வேண்டும். பாடப்பக்கம் ஹைடில், அதாவது மறைத்த நிலையில், இருந்தால் அந்தக் கணக்கும் உள்ளே நுழைய முடியாது, அதனால் சோதிக்கும்போது பக்கத்தைத் திறந்துவைத்து, சோதனை முடியும்வரை மாணவர்களுக்குக் கீயைக் கொடுக்காமல் இருங்கள்.